கழுத்து போட்ட ஓட்டு

கோல்கீப்பரின் பை எங்கே இருக்கிறது என்று அந்தப் பார்சல் கிடங்கில் யாரும் யாரையும் கேட்டதில்லை. மூக்கு இருக்கிறவர்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். கால் காப்பு, நெஞ்சுக் கவசம், கையுறை, ஹெல்மெட் எல்லாம் பல வருஷத்து வியர்வையில் ஊறியவை. வீட்டுக்குத் தூக்கிப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் ஏற்றுமேடைக்குப் பின்னால், சக்கரம் கழன்ற தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில், பை தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

இத்தனை காலமும் அந்தக் கவசங்களுக்குள் புகுந்து நின்றவள் பெரியக்கா. எடை போடும் பிரிவில் வேலை. கிடங்குப் பெண்கள் ஹாக்கி அணிக்கு அவளைத் தவிர வேறு யாராவது கோல் காத்தார்களா என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. இப்போது அவளுடைய முழங்கால் மக்கர் பண்ணியது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இனிமே நீங்க கைதட்டுறதோட நிறுத்திக்குங்க" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். லீக்கில் கடைசி ஆட்டம் ஒன்று பாக்கி, வங்கி அணியோடு. தோற்காமல் இருந்தால் முதல் பிரிவில் நீடிக்கலாம், தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டியதுதான். இந்த நேரம் பார்த்துக் கோல் காலியாகிவிட்டது.

அணியின் கேப்டன் ஏற்றுமேடை மேற்பார்வையாளர். எந்தப் பார்சல் எந்த லாரியில் ஏறவேண்டும் என்பது அவள் வாய்ச்சொல். மீசை முறுக்கும் லாரி ஓட்டுநர்கள்கூட அவள் விசில் சத்தம் கேட்டால் வாலைச் சுருட்டிக்கொள்வார்கள். மைதானத்தில் அவள் பின்காவல், அதாவது கோலுக்கு முன்னால் நின்று எதிராளியை மறிப்பவள். பார்த்தால் எதற்கும் அசையாதவள் மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றுக்கு மட்டும் அவள் நடுங்குவாள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதற்கு.

பேசுவதற்குக் காரணமும் இருந்தது. கோலுக்குப் போட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள், புதுசாக வந்தவள். உயரத்தைப் பார்த்து முதல் நாளே 'ஏணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கையைத் தூக்கினால் கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டம் தட்டுப்படும். இன்னொருத்தி இடிபட்ட பார்சல்களைச் சரிசெய்யும் மேசையில் இருப்பவள். பிய்ந்த பெட்டி, நசுங்கிய பெட்டி, வயிறு கிழிந்து சாமான் வெளியே தொங்கும் பெட்டி என்று என்ன வந்தாலும் பொறுமையாக உள்ளே அடுக்கி, மெத்தைத்தாள் திணித்து, ஒட்டி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். அதனால் அவள் பெயர் 'கோந்து'. பல வருஷமாக மாற்று கோல்கீப்பர். பெரியக்காவுக்குக் காய்ச்சல் வராதா, சளி பிடிக்காதா என்று ஒருநாளும் நினைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். அவள் கேப்டனுக்குச் சொந்த நாத்தனார், கணவனின் தங்கை, ஒரே வீட்டில் இருப்பவள்.

கோந்துவுக்குக் கோலைக் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று கேப்டனுக்கு இப்போதே காது நிறையக் கேட்டது. 'கேப்டன் வீட்டுப் பொண்ணு, கொடுக்காம இருப்பாங்களா?' அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தே அவள் மனதுக்குள் ஏணிக்கு மாலை போட்டுவிட்டாள்.

இதற்கு நடுவில் இன்னொரு விஷயம் முளைத்தது. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய தூரத்தில் இருக்கும் இன்னொரு கிடங்கில், இடிபட்ட பார்சல் பிரிவுக்குத் தலைமை வேலை காலியாக இருந்தது. மேலாளர் கோந்துவைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும்.

கோந்து அதை வீட்டில் சொன்னது, கேப்டன் தாமதமாக வேலைக்குப் போகவிருந்த ஒரு காலை நேரத்தில். கேப்டனின் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். மகள் தூக்கத்தில் ஒரு பக்கமாகச் சாயச் சாய, அவளை முழங்காலால் நிமிர்த்தி நிமிர்த்திப் பின்னுவது கோந்துவின் பாணி.

"அண்ணி, கோல் எனக்குக் கிடைச்சா நான் இங்கயே இருக்கேன். இல்லைன்னா அந்த வேலைக்குப் போயிடறேன். பெஞ்சைத் தேய்ச்சது போதும்."

"என்னடி, மிரட்டறியா?"

"மிரட்டல அண்ணி. முன்னாடியே சொல்லி வைக்கிறேன். அப்புறம் சொல்லலைன்னு சொல்லக்கூடாது பாருங்க."

கேப்டனின் கணவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். "இந்த வீட்டுக்குள்ள ஹாக்கி வேண்டாம்னு நான் கல்யாணத்தன்னைக்கே சொன்னேன்" என்றான். அவன் பேச்சை அன்றைக்கும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, இன்றைக்கும் போட்டுக்கொள்ளவில்லை.

"பாக்கலாம், பாக்கலாம்" என்று பூசி மெழுகிவிட்டுக் கேப்டன் வேலைக்குக் கிளம்பினாள். போகும் வழியில் அவள் நினைத்தது இதுதான்: நல்ல வேலை, தலைமைப் பொறுப்பு, போனால் அவளுக்கும் நல்லதுதானே. இப்படி நினைத்ததும் மனது லேசாகிவிட்டது. அடுத்தவர் நன்மையைப் பற்றி நாம் இவ்வளவு சுறுசுறுப்பாக யோசிக்கும்போது கொஞ்சம் உஷாராக இருக்கவேண்டும். கேப்டன் உஷாராக இல்லை.

தேர்வை நடத்தியவர் கோச். கிடங்கின் எலக்ட்ரீஷியன்தான் அவர். ஃபியூஸ் போனாலும் அவர்தான், பெனால்டி கார்னர் போனாலும் அவர்தான். "கண்ணால பாத்தா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவீங்க. நான் வீடியோ எடுக்கப்போறேன். யாரும் அப்புறம் மறுத்துப் பேச முடியாது" என்றார். கீப்பர்களின் கால் எப்படி நகர்கிறது என்று பின்னாலிருந்து பார்ப்பதுதான் திட்டம். தன் போனைக் கோலுக்குப் பின்னால் இருந்த கம்பிவேலியில், ஒயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைப் போட்டுச் சுற்றி ஒட்டினார்.

ஆளுக்கு அரைமணி நேரம். முன்னால் அதே பின்காவல் ஜோடி, கேப்டனும் பில் போடும் பெண்ணும். எதிரே அணியின் மற்ற எல்லோரும் பந்தோடு பாய்ந்து வந்தார்கள்.

முதலில் ஏணி. சும்மா சொல்லக்கூடாது, கண்ணுக்கு விருந்து. இடது மூலைக்குப் போன பந்தைக் காற்றில் படுத்துத் தட்டினாள். உச்சிக்குப் போன பந்தைப் பூப்பறிக்கிற மாதிரி தடுத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டித் தீர்த்தார்கள். ஒரு டஜன் பந்துக்கு மேல் தடுத்தாள், இரண்டு உள்ளே போனது.

அடுத்தது கோந்து. அவளுடைய அரைமணியில் பார்க்க ஒன்றுமே இல்லை. பந்து வந்ததே விரல்விட்டு எண்ணும் அளவுதான். வந்ததை ஒரு காலை நகர்த்தி, தொப்பென்று நிறுத்தி, ஓரமாகத் தள்ளிவிட்டாள். ஒன்று உள்ளே போனது. நடுவில் அவள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இடது, வலது, விடுங்க, நான் பாத்துக்கறேன். பெஞ்சில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

"என்ன சொல்றீங்க கேப்டன்?" என்று கோச் கேட்டபோது கேப்டன் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"ஏணிதான் சார். இதுல யோசிக்க என்ன இருக்கு? அவ எத்தனை தடுத்தா, இவ எத்தனை தடுத்தா, நீங்களே பாத்தீங்களே. என் நாத்தனார்னு நான் பாக்க முடியாது."

கடைசி வாக்கியத்தை அவள் கொஞ்சம் உரக்கவே சொன்னாள், நாலு பேர் காதில் விழட்டும் என்று. விழவேண்டாதவள் காதிலும் விழுந்தது. கோந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் கேன்டீனில் வீடியோ பார்த்தார்கள். கோச் போனைச் சுவர் டிவியோடு இணைத்துவிட்டு ஏணியின் கால் நகர்த்தலைப் பற்றி ஒரு முன்னுரையும் கொடுத்தார். படம் ஓடியது. அப்போதுதான் கோச்சின் கெட்டிக்காரத்தனம் எல்லோருக்கும் தெரியவந்தது. போனை ஒரு முழம் உயரமாக ஒட்டிவிட்டார் மனுஷன். கீழே ஏணியின் ஹெல்மெட் உச்சி மட்டும் வந்து வந்து போனது. காலும் இல்லை, கையும் இல்லை. மீதித் திரை முழுவதும் மைதானம்தான், அதில் நட்டநடுவில் பின்காவல் ஜோடி.

"சார், இது கோல்கீப்பர் வீடியோவா, மேகம் பாக்கற வீடியோவா?" என்று யாரோ கேட்க, கேன்டீனே சிரித்தது. கோச்சின் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த சிரிப்பு கேப்டனைப் பார்த்துக் கிளம்பியது. பந்து மைதானத்தின் அந்தப் பக்கம் இருக்கும்போதே திரையில் கேப்டனின் முகம் தெரிந்தது. கழுத்தை வளைத்துக் கோலைப் பார்க்கிறாள். திரும்புகிறாள். மறுபடியும் பார்க்கிறாள். பந்து கொஞ்சம் கிட்ட வந்ததும் இன்னொரு தடவை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஏணி எங்கே நிற்கிறாள், சரியாக நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவள் திரும்புகிற நேரத்தில் எதிராளி அவளைத் தாண்டிப் போய்விடுகிறாள். தாண்டிப் போனவள் அடிக்க, ஏணி பறக்க, பெஞ்சு கைதட்ட. பில் போடும் பெண்ணும் அதே கதைதான்.

"என்ன கேப்டன், அடுப்புல பாலை வெச்சுட்டு வந்த மாதிரி பாத்துக்கிட்டே இருக்கீங்க?"

கேப்டனும் சேர்ந்து சிரித்தாள். தன் முகம் இவ்வளவு கவலையாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

பிறகு கோந்துவின் அரைமணி வந்தது. திரையின் அடியில் ஹெல்மெட் உச்சி, நடுவில் கேப்டனின் முதுகு. முதுகு மட்டும்தான். அது முன்னால் போகிறது, பந்தைப் பாதியிலேயே பறிக்கிறது, பக்கவாட்டில் நகர்கிறது, மறுபடி முன்னால் போகிறது. எப்போது திரும்பப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பந்து கோலுக்குக் கிட்டே வந்தபோதுகூட முகம் தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அரைமணியும் ஓடி முடிந்தது. ஒரு தடவைகூடக் கேப்டன் பின்னால் பார்க்கவில்லை. பந்து அவளைத் தாண்டிப் போனது அபூர்வம். கோந்துவிடம் ஏன் ஐந்தாறு பந்துதான் வந்தது என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

முதலில் வாயைத் திறந்தவள் ஏணிதான். "கேப்டன், நீங்க திரும்பித் திரும்பிப் பாத்தீங்களா, நான் என்னமோ தப்பு பண்றேன்னே நினைச்சேன். அந்தப் பயத்துலதான் அப்படிப் பறந்தேன். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். இந்த மேட்சுக்கு அவங்களே நிக்கட்டும்" என்றாள். பெருந்தன்மைக்கு உயரம் தேவையில்லைதான், ஆனாலும் அவளிடம் இரண்டுமே இருந்தன.

பெரியக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே கேப்டனைப் பார்த்தாள். "எனக்கும் நீ முதுகைத்தான்டி காட்டுவ. முதல் ரெண்டு வருஷம் திமிர்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, நீ யாரை நம்புறியோ அவங்களுக்குத்தான் முதுகைக் காட்டுவேன்னு. உன் வாய் ஏணிக்கு ஓட்டு போட்டுச்சு, உன் கழுத்து கோந்துக்குப் போட்டுருக்கு. எனக்கென்னமோ உன் கழுத்து சொல்றதுதான் உண்மைன்னு தோணுது."

கோச் டிவியை அணைத்தார். "அப்போ கோந்து" என்றார்.

கோந்து எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். "எனக்கு வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டாள்.

கேப்டனுக்கு மதியம் முழுக்க வேலை ஓடவில்லை. வடக்கே போகவேண்டிய பார்சலைத் தெற்கு லாரியில் ஏற்றச் சொன்னாள். ஓட்டுநரே, "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். அவள் மண்டைக்குள் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இப்போது அதில் மைதானம் இல்லை, வீடு இருந்தது.

விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்புகிறவள் அவள். மகளைத் தூங்கும்போதே விட்டுவிட்டு வருகிறாள். குழந்தை எழுந்ததா, சாப்பிட்டதா, பள்ளிக்குப் போனதா என்று ஒருநாளாவது போன் போட்டுக் கேட்டிருக்கிறாளா? இல்லை. கோந்து இருக்கிறாள் என்று கேட்டதில்லை. கோந்து ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம் மகளைக் கணவன் பார்த்துக்கொண்டான். அந்த வாரம் காலையில் மட்டும் பத்து போன். ஷூ மாட்டினியா, தண்ணி பாட்டில் வெச்சியா, இடது கால் ஷூவை இடது கால்லதானே மாட்டினே என்றுவரை கேட்டிருக்கிறாள். அவன் கோபித்துக்கொண்டான். அவளுக்கு ஆபரேஷன் நடந்தபோது, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிம்மதியாகத் தூங்கினாள். தன் மனதைரியம் என்று அதை வெளியில் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறாள். என்ன தைரியம்? பின்னால் ஒருத்தி நின்றிருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த ஒருத்தியைத்தான் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கோந்து சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட வேகமாக நறுக்கினாள். மகள் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கேப்டன் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"ஏன்டி வேண்டாம்னே?"

"உங்க வாய் வேண்டாம்னு சொல்லிடுச்சு. கழுத்துதான் வேணும்னு சொல்லியிருக்கு. நான் இனிமே உங்க கழுத்துகிட்டதான் பேசணும் போலருக்கு."

"கிண்டல் பண்ணாதே."

"கிண்டல் இல்ல அண்ணி." கோந்து கத்தியைக் கீழே வைத்தாள். "நான் என்ன கிள்ளுக்கீரையா? ஏணி நல்லா ஆடினா, அவளைச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா 'என் நாத்தனார்னு நான் பாக்க முடியாது'ன்னு சொன்னீங்களே. நாத்தனார்ங்கிறதுனாலதானே எனக்குக் கொடுக்கல? வேற யாரோவா இருந்திருந்தா நின்னு யோசிச்சிருப்பீங்கல்ல?"

உண்மை அது. மென்று முழுங்கக் கேப்டன் வாயைத் திறந்தாள், பிறகு முழுங்கவேண்டாம் என்று முடிவு செய்தாள்.

"ஆமா. பேசுவாங்கன்னு பயந்துட்டேன். ஊருக்குப் பயந்து உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்."

கோந்து இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக நின்றவளுக்குச் சண்டை கிடைக்காமல் போனால் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. மறுபடி கத்தியை எடுத்தாள்.

கேப்டனுக்கு இன்னும் சொல்லவேண்டியது இருந்தது. ஆனால் வீட்டுக்குள் நன்றி சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைக்காரரிடம் சொல்கிறோம், கதவைத் திறந்துவிட்ட அந்நியரிடம் சொல்கிறோம். கூடவே இருக்கிறவளிடம் சொன்னால் மேடையில் பேசுவது போலிருக்கிறது. நாக்கு கூசுகிறது. கேப்டன் கூசிக்கொண்டே சொன்னாள்.

"நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் நான் காலையில கதவைச் சாத்திட்டுப் போறேன். திரும்பிப் பாக்கறதே இல்ல. குழந்தை என்ன பண்றா, அடுப்பை அணைச்சோமான்னு ஒருநாள்கூட எனக்குத் தோணினதில்ல. உங்க அண்ணன்கிட்ட விட்டுட்டுப் போனா எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கும். என் ஆபரேஷனப்போ நீ லீவு போட்டு வீட்டைப் பாத்துக்கிட்ட. எத்தனை நாள்னுகூட நான் கேக்கல. உனக்கு அந்தச் சமயம் பிரிவு மாத்தற பரீட்சை இருந்துச்சு, நீ போகல. அது எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வேற யாரோ சொல்லித்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் நான் ஒண்ணும் சொல்லல. என்ன சொல்றதுன்னு தெரியல. இப்போ சொல்றேன். ரொம்ப நன்றிடி. நீ இல்லைன்னா நான் கேப்டனும் இல்ல, மேற்பார்வையாளரும் இல்ல, ஒண்ணுமில்ல. நீ கோல் நின்னாலும் சரி, நிக்கலைன்னாலும் சரி, இங்க இருந்தாலும் சரி, போனாலும் சரி. இது அதுக்காகச் சொல்லல."

கூடத்தில் பென்சில் சத்தம் நின்றிருந்தது. மகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோந்து புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வெங்காயம்" என்றாள். பலகையில் இருந்தது கேரட். கேப்டன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"சரி, கோல் நிக்கிறேன்" என்றாள் கோந்து. "பெரியக்கா முகத்துக்காக. வேலை விஷயத்தை மேட்ச் முடிஞ்சப்புறம் பேசுவோம்."

கேப்டன் தலையாட்டினாள். ஆனால் உள்ளுக்குள் கணக்கு வேறு மாதிரி ஓடியது. சனிக்கிழமை ஆட்டத்தில் கோல்கள் விழுந்தால் கோந்து மனசு விட்டுவிடுவாள், பெட்டியைக் கட்டிவிடுவாள். அப்படியானால் பந்து கோலுக்கு வரவே கூடாது.

சனிக்கிழமை வங்கி அணி புதுச் சட்டையில் வந்து இறங்கியது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கோல் விழுந்தது. விழவைத்தவள் யார் தெரியுமா? கேப்டனேதான். ஓரத்திலிருந்து வந்த சாதாரணப் பந்து. கோந்துவின் கால் காப்புக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. பந்து வரவே கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்த கேப்டன் குறுக்கே மட்டையை நீட்ட, மட்டையின் நுனியில் பட்டுத் திசை மாறி, கோலுக்குள் இருந்த பலகையில் 'டமார்' என்று மோதியது.

கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு குரல் இடி மாதிரி வந்தது.

"ஏய்! அதை ஏன் தொட்டே? என் பந்து அது! முன்னாடி போ!"

வீட்டில் 'வாங்க அண்ணி, சாப்பிடுங்க அண்ணி' என்று குழையும் அதே வாய்தான். நிஜ ஆட்டத்து ஹெல்மெட்டுக்குள் போனதும் மரியாதை பெஞ்சிலேயே தங்கிவிட்டது. பார்க்க வந்திருந்த கணவன், தங்கை தன் மனைவியை வாங்கு வாங்கென்று வாங்குவதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியதாக மகள் பிற்பாடு போட்டுக்கொடுத்தாள்.

"இடது! இடது! அவளை விடு, இவளைப் பிடி! நான் பாத்துக்கறேன், நீ போ!"

கேப்டன் போனாள். அவள் தலையில் ஓடிக்கொண்டிருந்த கணக்கெல்லாம் அந்தச் சத்தத்தில் கலைந்துவிட்டது. இடது என்றால் இடது, போ என்றால் போ. ஏற்றுமேடையில் ஊரையே விரட்டுகிறவளுக்கு, ஒருத்தி பின்னாலிருந்து தன்னை விரட்டுவது இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று தெரியாது. இரண்டாம் பாதியில் வங்கிக் கோலுக்கு முன்னால் ஒரு பெரிய தள்ளுமுள்ளில் பந்து எப்படியோ உள்ளே போனது. அதை அடித்தது நான்தான் என்று இன்றைக்கும் இரண்டு பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று, சமம்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் வங்கிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. அதில் பின்காவலர்களும் கீப்பரும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள், பந்து தள்ளப்பட்டதும் பின்காவலர்கள் அடிக்கிறவளை நோக்கிப் பாயவேண்டும். கேப்டன் நாத்தனாருக்குப் பக்கத்தில் நின்றாள். பெரியக்கா வேலிக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டாள். ஏணி பெஞ்சின் மேல் ஏறி நின்றதில் பின்னால் இருந்த ஒருவருக்கும் மைதானம் தெரியவில்லை.

"அண்ணி, நீங்க நேரா ஓடுங்க. என்னைப் பத்தி யோசிக்காதீங்க" என்றாள் கோந்து. குரல் தணிந்திருந்தது.

பந்து தள்ளப்பட்டது. கேப்டன் ஓடினாள். உயிரை வெறுத்து ஓடினாள். வங்கிக்காரி மட்டையைச் சுழற்றினாள், பந்து கேப்டனின் இடுப்பை உரசிக்கொண்டு பின்னால் போனது. இனி காதுதான். டமார் என்றால் எல்லாம் முடிந்தது.

தொப்.

பந்து ஓரமாக உருண்டு எல்லையைத் தாண்ட, நடுவர் கடைசி விசிலை ஊதினார். கிடங்குப் பெண்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். பெரியக்கா டாக்டர் பேச்சை மறந்து ஓடி வந்தாள். கோச் யாரையோ கட்டிப்பிடித்தார், அது வங்கி அணியின் கோச்சாக இருந்தது.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் கேப்டன் கோலுக்குப் போனாள். கோந்து கம்பத்தில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் பக்கத்தில் கிடந்தது. முகம் தக்காளிபோல் சிவந்திருந்தது.

"வா போன்னு பேசிட்டேன் அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க."

"அது கிடக்குது. இப்போ சொல்லு. மேட்ச் முடிஞ்சாச்சு. அந்த வேலைக்கு என்ன பதில் சொல்லப்போறே?"

"அதுவா? சொல்லிட்டேன். வேண்டாம்னு."

"எப்போ?"

"நீங்க சமையக்கட்டுல வந்து பேசினீங்கள்ல, அதுக்கு மறுநாள் காலையிலயே."

"அடிப்பாவி! அப்போ இன்னைக்கு நாம தோத்திருந்தா?"

"தோத்திருந்தா இரண்டாம் பிரிவுல ஆடியிருப்போம். பத்து கோல் விட்டிருந்தாலும் நான் இங்கதான் இருந்திருப்பேன்."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்ல?"

"சொல்லியிருந்தா நீங்க இந்த ஓட்டம் ஓடியிருப்பீங்களா?" என்று சிரித்த கோந்து, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "கோலுக்காகன்னு நினைச்சுட்டீங்களா அண்ணி? நான் அந்த வீட்டுல ஒரு ஆளா இருக்கேனா, இல்ல கதவு சன்னல் மாதிரி இருக்கேனான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு. அதான் போயிடலாம்னு பாத்தேன். நீங்கதான் வந்து சொல்லிட்டீங்களே. அப்புறம் எங்க போறது?"

கேப்டன் அழுதாள். வங்கி அணி பார்த்தது, சொந்த அணி பார்த்தது, லாரி ஓட்டுநர்கள் இரண்டு பேர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். நாளைக்குக் கிடங்கு முழுக்க இதே பேச்சாகத்தான் இருக்கும். பேசட்டும் என்று அவள் புல்லில் மண்டியிட்டு, நாத்தனாரின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கால் காப்பின் வார்கள் வியர்வையில் இறுகிப்போயிருந்தன.

"நானே கழட்டிக்கறேன் அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க."

"சும்மா இருடி" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் முதல் வாரை அவிழ்க்க ஆரம்பித்தாள்.